ஒரே கணினி, பல டெபியன்கள்

டெபியன் 12 ஓடும் மடிக்கணினியில் ஒரு சி நிரலைக் கம்பைல் செய்து பொதியாக்கி, அந்தப் பொதியை டெபியன் 11 சர்வரில் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நிறுவும்போதே மறுத்துவிடும். 12இல் இருப்பது ஜிலிப்சி 2.36, 11இல் 2.31. பழையதில் கட்டியது புதியதில் ஓடும். திருப்பிப் போட்டால் உத்தரவாதம் கிடையாது. ‘அப்படியானால் எல்லாவற்றையும் 11லேயே கட்டிவிடலாமே’ என்று தோன்றும். ஓப்பன்எஸ்எஸ்எல்லைத் தொடும் நிரலாக இருந்தால் அதுவும் நடக்காது. 11இல் 1.1, 12இல் 3. பழைய நூலகம் புதிய களஞ்சியத்தில் இல்லவே இல்லை. ஆகப் பதிப்புக்கு ஒரு தனிச் சூழல் வேண்டும்.

இன்று யாரைக் கேட்டாலும் டாக்கர் என்பார்கள். நானும் ஓராண்டு அதில்தான் பொதி கட்டினேன். ஒருநாள் வேறொருவர் என் மூலப்பொதியை எடுத்துக் கட்ட, ‘பிகேஜி-கான்ஃபிக் இல்லை’ என்று நின்றுவிட்டது. என்றோ அவசரத்தில் கன்டெய்னருக்குள் அதைக் கையால் நிறுவி, அப்படியே இமேஜாகச் சேமித்திருக்கிறேன். கட்டுமானச் சார்புப் பட்டியலில் எழுத மறந்த விஷயம் மாதக்கணக்கில் வெளியே தெரியவில்லை. டாக்கரைக் குறை சொல்ல முடியாது; சுத்தமாக வைத்திருப்பது நம் பொறுப்பு என்று அது விட்டுவிடுகிறது. நமக்கோ அந்த ஒழுக்கம் போதாது.

பிபில்டர் என்ற கட்டுமானக் கருவி அப்படி விடாது. ஒவ்வொரு முறையும் அடிப்படைச் சூழலைப் புதிதாக விரித்து, பட்டியலில் உள்ளதை மட்டும் நிறுவி, கட்டி முடித்ததும் எல்லாவற்றையும் அழித்துவிடும். கட்டும்போது இணையத்தையும் இயல்பாகவே துண்டித்துவைக்கும். டெபியனின் சொந்தக் கட்டுமான சர்வர்களில் ஓடும் எஸ்பில்ட், ஃபெடோராவின் மாக் இரண்டும் இதே வழிதான். மெதுவானது என்ற புகார் உண்மை. பத்து வரி நிரலுக்கும் நூறு பொதிகள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க எரிச்சல் வரும். பிபில்டரின் இன்னொரு வடிவமான கவ்பில்டர் போட்டால் விரிக்கும் நேரமாவது குறையும். அந்தத் தாமதத்தை நான் பொறுத்துக்கொள்வேன். பிறர் கையில் போகும் பொதியை இந்த வகைக் கருவியில்தான் கட்ட வேண்டும். டாக்கர் முயன்று பார்ப்பதற்கு.

இரண்டுக்கும் பொதுவான ஒரு குறை, கர்னல் நம்முடையது என்பது. விசிஸ்கால் என்ற பழைய வசதி அணைக்கப்பட்ட புதிய கர்னலின் மேல் சென்ட்ஓஎஸ் 6 சூழலைத் திறந்தால் பாஷ்கூட எழாமல் விழுந்துவிடும். அங்கே மெய்நிகர் கணினியே வழி.

எந்தக் கருவியும் காப்பாற்றாத இடம் பதிப்பெண். 11க்கும் 12க்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால், சர்வரை மேம்படுத்தும்போது பழைய பொதி அப்படியே தங்கிவிடலாம். அதற்காக எண்ணின் வாலில் குறிப்பெயரை ஒட்டுவோரும் உண்டு. டெபியன் 10 பஸ்டர், 11 புல்ஸ்ஐ, 12 புக்வார்ம்: ஆங்கில அகரவரிசையில் இவை தலைகீழ். புக்வார்ம் பொதியை ஆப்ட் பழையது என்றே கணக்கிடும். வாலில் டெப்11, டெப்12 என்று எண்ணையே போடுங்கள்.