வீடும் மைதானமும்: பாலித்தீவில் வாழ்ந்த மேனாட்டார் எழுத்துக்களும் 1938 ஆம் ஆண்டு உலகக்கிண்ணமும்

ஓர் இலக்கியப் படைப்பு எதனைக் கூறுகின்றது என்பதனை ஆராய்வதோடு திறனாய்வாளனின் பணி முடிந்துவிடுவதில்லை. அப்படைப்புத் தோன்றிய வாழ்க்கைமுறை எவற்றைக் காணத்தக்கனவாகவும் எவற்றைக் காணத்தகாதனவாகவும் ஆக்கிற்று என்பதும் ஆராயப்படவேண்டியதாகும். வெப்பவலயத் தீவுகளிலே சிலகாலம் குடியிருந்து, அங்குத் தாம் நடத்திய அன்றாட வாழ்வை நூல்களாக எழுதிய மேனாட்டாரின் ஆக்கங்களை மதிப்பிடும்பொழுது இவ்வினா தவிர்க்க முடியாததாகின்றது. இவ்வகை எழுத்தின் மிகச் சிறந்த மாதிரிகள் சிலவற்றை 1930 களின் பாலித்தீவு நமக்கு அளித்துள்ளது. அவற்றை நாம் இங்கு ஒரு குறிப்பிட்ட மாதத்தின் ஒளியில் நோக்க முற்படுகின்றோம். அது 1938 ஆம் ஆண்டு ஜூன் மாதம். மூன்றாவது உலகக்கிண்ண உதைபந்தாட்டப் போட்டி பிரான்சிலே நடைபெற்ற மாதம்.

உதைபந்தாட்டத்துக்கும் இவ்வெழுத்துக்களுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். அவ்வினா எழுவதற்கான காரணமே நமது ஆய்வுப் பொருளாகும்.

1

1938 ஜூன் 5 ஆம் திகதி பிரான்சின் றீம்ஸ் நகரில், ‘ஒல்லாந்தக் கிழக்கிந்தியா’ என்ற பெயரில் ஓர் அணி ஹங்கேரிய அணியை எதிர்த்து ஆடியது. உலகக்கிண்ணப் போட்டியில் ஆடிய முதலாவது ஆசிய அணி அதுவே. சீனத்தின்மீது போர் தொடுத்திருந்த யப்பான் தகுதிகாண் ஆட்டத்திலிருந்து விலகியமையாலும், பின்னர் ஐக்கிய அமெரிக்காவும் விலகியமையாலும் அவ்வணிக்கு அவ்விடம் கிடைத்தது. ஆறு இலக்குகளை ஹங்கேரி பெற்றது. கிழக்கிந்திய அணி ஒன்றையேனும் பெறவில்லை. தோற்ற அணி உடன் வெளியேறவேண்டும் என்பது அப்போட்டியின் விதியாதலால், பல வாரக் கப்பற் பயணத்தின் பயன் ஒன்றரை மணிநேரத்தில் முடிவுற்றது. அம்மாதம் 26 ஆம் திகதி ஆம்ஸ்டர்டாமில் நெதர்லாந்து அணியுடன் நடைபெற்ற ஆட்டத்திலும் அவ்வணி 9–2 எனத் தோற்றது.

வெற்றி தோல்வி நமக்கு முக்கியமன்று. அணியின் சேர்க்கையே முக்கியமானது. மூக்குக்கண்ணாடி அணிந்து ஆடிய அணித்தலைவர் அக்மாட் நவீர். இலக்குக் காப்பாளர் சீன வமிசத்தவரான தான் மோ ஹெங். ஜாவாவினரும் மலுக்குத் தீவினரும் சீனரும் ஒல்லாந்த வழிவந்தோரும் ஒன்றாக ஆடினர். கல்லூரி, அலுவலகம், துறைமுகம், பத்திரிகை ஆகியவற்றைக் கொண்ட குடியேற்றநாட்டு நகரமே இத்தகைய கூட்டத்தைத் தோற்றுவிக்க வல்லது.

அவ்வணியின் பின்னணியில் ஓர் அரசியற் போராட்டமும் இருந்தது. 1928 இல் பத்தேவியாவிலே கூடிய இளைஞர் ஒரே தாயகம், ஒரே தேசம், ஒரே மொழி என உறுதிமொழி எடுத்தனர். ஈராண்டுகளின் பின்னர், 1930 ஏப்ரலில், யோக்யகர்த்தாவிலே அகில இந்தோனேசிய உதைபந்தாட்டச் சங்கம் நிறுவப்பட்டது. அதன் முதல் தலைவர் ஜேர்மனியிற் பொறியியல் கற்ற சுரத்தின். ஆட்சியாளர் ‘ஒல்லாந்தக் கிழக்கிந்தியா’ என்றே வழங்கிய நாட்டை ‘இந்தோனேசியா’ எனப் பெயரிலே தாங்கிய ஒரு விளையாட்டுச் சங்கம் அரசியலுக்குப் புறம்பாக நிற்றல் இயலாது. சர்வதேச அங்கீகாரமோ ஒல்லாந்தச் சார்புடைய மற்றைச் சங்கத்திடமே இருந்தது. இரு சங்கங்களுக்குமிடையே 1937 இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. ஆயினும் உலகக்கிண்ணத்துக்குரிய அணியைத் தெரிவதில் தேசியச் சங்கத்தின் கோரிக்கை புறக்கணிக்கப்பட்டது. அச்சங்கம் 1938 இல் உடன்பாட்டை முறித்துக்கொண்டது.

2

இதே காலத்தில் பாலித்தீவிலே வாழ்ந்த மேனாட்டாரின் அன்றாட வாழ்வு எவ்வாறு அமைந்திருந்தது? ஜேர்மானிய ஓவியரும் இசைஞருமான வோல்ட்டர் ஸ்பீஸ் 1927 முதல் அங்கு வாழ்ந்துவந்தார். உபுதிலிருந்த அவரது இல்லம் வந்துபோகும் கலைஞருக்கும் அறிஞருக்கும் தங்குமிடமாயிற்று. கனடாவிற் பிறந்த இசையமைப்பாளரான கொலின் மக்ஃபீ சயான் கிராமத்திலே வீடு கட்டிக்கொண்டார். மெக்சிக்க ஓவியர் மிகுவேல் கொவருபியாஸ், நாவலாசிரியை விக்கி பௌம், மானிடவியலாளரான மார்கிரட் மீட், கிரெகரி பேற்சன் ஆகியோர் வெவ்வேறு ஆண்டுகளில் வந்து தங்கினர். குத்தா கடற்கரையில் 1936 இல் ஓர் அமெரிக்கத் தம்பதியர் சிறு ஹோட்டலொன்றைத் தொடங்கினர்.

இவ்வாழ்வின் பொருளியல் அடித்தளத்தை மறந்துவிடலாகாது. 1906 இல் பதூங்கிலும் 1908 இல் குளுங்குங்கிலும் நிகழ்ந்த ‘புபுத்தான்’ எனப்படும் பெருஞ்சாவுகளின் பின்னரே தீவு முழுவதும் ஒல்லாந்தர் வசமாயிற்று. கட்டாய ஊழியத்தால் அமைந்த வீதிகளிலே பிரயாணிகளின் மோட்டார் வண்டிகள் ஓடின. ஒல்லாந்தக் கப்பற் கம்பனி பிரயாணிகளைக் கொணர்ந்தது. தென்பசாரில் 1928 இல் ஹோட்டலும் திறந்தது. 1929 இல் தொடங்கிய உலகப் பொருளாதார நெருக்கடி விளைபொருளின் விலையை வீழ்த்தியது. வரியையோ பணமாகவே செலுத்தவேண்டியிருந்தது. உழவன் நெருக்குண்ட அதே காலத்தில், வெளிநாட்டுப் பணத்தோடு வந்தவருக்குச் சமையலாளும் ஏவலாளும் வாத்தியக்குழுவும் எளிதிற் கிடைத்தமை தற்செயலன்று.

3

மக்ஃபீயின் ‘பாலியில் ஒரு வீடு’ (1946) இவ்வகை எழுத்தின் உன்னதமான மாதிரி. கமெலான் இசையை அவர் செவிமடுத்த நுட்பமும், மறக்கப்பட்டுவந்த வாத்தியக் குழுக்களுக்கு அவர் உயிரூட்டியமையும் நன்றியோடு நினைக்கப்படவேண்டியவை. அவரைப் பொழுதுபோக்குப் பிரயாணியென ஒதுக்குவது கொச்சையான சமூகவியலாகும். ஆயினும் அந்நூலின் வடிவத்தை நாம் ஊன்றி நோக்கவேண்டும். தலைப்பு உணர்த்துவது போலவே அங்கு உலகின் அளவுகோல் வீடு. வீட்டின் வாயிலால் வருபவரே கதைமாந்தராகின்றனர்: சமையலாள், இசையாசான், ஆற்று வெள்ளத்திலே ஆசிரியரைக் காப்பாற்றிய சிறுவன் சம்பி. அச்சிறுவன் வளர்ந்து நடனக் கலைஞனாகி 1952 இல் அமெரிக்க மேடைகளில் ஆடினான் என்பது வரலாறு. வாசகர் மனத்தில் நிலைப்பதோ ஆற்றங்கரைச் சிறுவனின் உருவமே.

அந்நூலின் ஒரு மௌனம் மிகவும் பொருள் பொதிந்தது. மக்ஃபீயுடன் வாழ்ந்த அவரது மனைவி ஜேன் பீலோ, பாலிச் சமயச் சடங்குகளை ஆராய்ந்த அறிஞர். அவ்வாழ்வுக்கான செல்வமும் அவரிடமிருந்தே வந்தது. நூலில் அவர் இடம்பெறவில்லை. மணமுறிவின் மனத்தாங்கலைக் காரணமாகக் கூறலாம். ஆனால் விளைவை நோக்குக: வீடு இருக்கின்றது, வீட்டுக்குப் பணம் கொடுத்தவர் இல்லை. மூலதனத்தை மறைத்த பின்னரே வீடு இயற்கையின் கொடைபோலத் தோன்ற முடிகின்றது.

கொவருபியாஸின் ‘பாலித் தீவு’ (1937) இதனினும் விரிந்த நோக்குடையது. கிராம அமைப்பையும் ‘சுபாக்’ என்னும் நீர்ப்பாசனக் கூட்டமைப்பையும் அது கூர்ந்து விளக்குகின்றது; வணிக நாகரிகம் இப்பண்பாட்டை அழித்துவிடுமோ எனவும் அஞ்சுகின்றது. அவ்வச்சம் நேர்மையானது. எனினும் அதிலே மாற்றம் எப்பொழுதும் வெளியிலிருந்து வரும் கேடாகவே தோன்றுகின்றது. பாலி மக்களே மாற்றத்தை விரும்பி, தமக்குரியதாக்கி, ஆட்சியாளருக்கு எதிராகத் திருப்பக்கூடும் என்ற சாத்தியப்பாடு அந்நோக்கினுள் நன்கு அடங்கவில்லை.

விக்கி பௌமின் நாவல் (1937) இவற்றினின்று வேறுபடுகின்றது. 1906 ஆம் ஆண்டுப் பெருஞ்சாவை மையமாகக் கொண்டமையால் அது வரலாற்றைத் தீவினுள் அனுமதிக்கின்றது. ஆயினும் அவ்வரலாறு முடிந்துபோன ஒன்று. அவலமான அழகோடு மடிந்த ஓர் உலகின் வரலாறு. சாகும் பாலிக்கு இலக்கியத்தில் இடம் கிடைத்தது. சங்கம் அமைத்து, பத்திரிகை நடத்திய பாலிக்கு அத்தகைய இடம் கிடைக்கவில்லை.

4

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். றீம்ஸில் ஆடியவர் பெரும்பாலும் ஜாவாவின் நகரக் கழகங்களைச் சேர்ந்தோர். பாலியைப் பற்றி எழுதியவரிடம் ஜாவாவின் உதைபந்தாட்டத்தை எதிர்பார்ப்பது நியாயமா? தடை வலுவானதே. ஆனால் ஜாவாவும் பாலியும் வெவ்வேறு காலங்களில் வாழும் இரு உலகங்கள் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? அது வெறும் புவியியலன்று. ‘பலிசேரிங்’ என்ற பெயரில் ஒல்லாந்த ஆட்சி 1920 கள் தொட்டு ஒரு கொள்கையைக் கைக்கொண்டது. பாலி இளைஞர் பழைய உடை, பழைய கலை, பழைய மரியாதை ஆகியவற்றிலேயே பயிற்றப்படவேண்டும். ஜாவாவின் தேசியவாதமும் இஸ்லாமிய இயக்கமும் பொதுவுடைமைக் கருத்துக்களும் கடல் கடந்து வராது தடுக்கப்படவேண்டும் என்பதே அதன் உட்கிடை. அவ்வாட்சி அரணாகக் கட்டியதையே மேனாட்டுக் கலைஞர் அழகாகக் கண்டனர்.

இக்கொள்கையின் உச்சநிலை அதே ஜூன் மாதத்திலேயே அரங்கேறியமை மனங்கொள்ளத்தக்கது. 1938 ஜூன் இறுதியில், கலுங்கான் பெருநாளன்று, பெசாக்கி ஆலயத்திலே எட்டுப் பாலி அரச குடும்பத்தினர் சுயாட்சி மன்னராக முடிசூட்டப்பட்டனர். முன்னர் பீரங்கியால் வீழ்த்திய முடியாட்சியை இப்பொழுது ஒல்லாந்தரே தமது மேலாண்மையின்கீழ் மீள நிறுத்தினர். ஒரே மாதத்தில் பேரரசு இரு காட்சிகளை வழங்கிற்று: ஐரோப்பாவிலே ‘நவீன’ அணி; பாலியிலே ‘புராதன’ முடி. இரண்டின் கயிறும் ஒரே கையிலேயே இருந்தது.

புராதனம் என்பதுங்கூட ஆய்வுக்குரியது. பழமையின் சின்னமாக இன்று காட்டப்படும் ‘கெச்சாக்’ நடனம், பழைய சடங்கொன்றின் கூறுகளைக் கொண்டதாயினும், மேடை வடிவமாக உருப்பெற்றது 1930 களிலேயே. ஸ்பீஸுக்கும் பாலிக் கலைஞருக்கும் அதிற் பங்குண்டு. தேசிய உதைபந்தாட்டச் சங்கமும் அந்நடனமும் ஒத்த வயதினவே. ஒன்று நவீனம் எனவும் மற்றது தொன்மை எனவும் பெயர்பெற்றதற்கு வயது காரணமன்று. பார்ப்போரின் தேவையே காரணம். 1931 இல் பாரிசிற் குடியேற்றநாட்டுக் கண்காட்சியில் ஆடிய பாலி நடனக்குழு அந்தோனின் அர்த்தோவின் நாடகக் கொள்கையையே தூண்டிற்று; அக்கட்டுரைகள் நூலானதும் 1938 இலேயே. பிரான்சு மண்ணில் ஆடிய நடனக்குழு அழகியல் வரலாற்றில் இடம்பெற்றது. உதைபந்தாட்ட அணி புள்ளிவிவரப் பட்டியலில் ஒரு வரியாயிற்று.

5

நாம் வீட்டை இகழ்ந்து மைதானத்தைப் போற்றுவதாகக் கருதவேண்டியதில்லை. மைதானமும் முரண்பாடுகளின் களமே. றீம்ஸில் ஆடிய அணி பேரரசின் பெயராலேயே ஆடியது. தேசியச் சங்கத்தின் விருப்புக்கு மாறாகவே அது அனுப்பப்பட்டது. ஆயினும் அம்முரண்பாடு வெளிப்படையானது. யார் ஆடுவது, எந்தப் பெயரில் ஆடுவது, யார் தெரிவுசெய்வது என்ற வினாக்கள் அங்கே உரத்து எழுப்பப்பட்டன. வீட்டிலோ அவ்வினாக்கள் எழும் வாய்ப்பே இல்லை. ஏவலாளின் அன்பும் எசமானின் அன்பும் உண்மையாகவே இருக்கலாம்; அவ்வன்பு அவர்தம் உறவின் அடித்தளத்தைக் கேள்விக்குட்படுத்துவதில்லை.

வீடும் நிலைக்கவில்லை. 1938 டிசம்பரில் குடியேற்ற அரசு ஒழுக்கத்தின் பெயரால் ஓரினச் சேர்க்கையாளர்மீது பெருவேட்டை தொடங்கிற்று. மக்ஃபீ அம்மாதமே தீவை நீங்கினார். ஸ்பீஸ் ஆண்டின் கடைசி நாளிற் கைதானார். விடுதலை பெற்ற அவர், 1940 இல் ஜேர்மானியர் என்பதனால் மீண்டும் சிறைப்பட்டு, 1942 ஜனவரியிற் கைதிகளை ஏற்றிச்சென்ற கப்பல் குண்டுவீச்சுக்குள்ளானபொழுது மாண்டார். வரலாற்றுக்கு வெளியே ஒரு தீவைக் கண்டவர்களை வரலாறு அத்தீவிலேயே தேடி வந்தது. 1965–66 இல் அதே தீவிலே பொதுவுடைமையினர் எனப்பட்டோர் ஏறத்தாழ 80,000 பேர் கொல்லப்பட்டனர் என ஆய்வாளர் மதிப்பிடுவர். நிலத்துக்கும் கூலிக்குமான போராட்டம் நிகழ்ந்த ஒரு சமூகமே அவ்வாறு சிதைந்தது. என்றும் மாறாத இணக்கத்தைச் சித்திரித்த நூல்களை மட்டும் கற்ற வாசகனுக்கு அக்கொலைகள் விளங்கா. அழகிய தீவில் நேர்ந்த புதிராகவே அவை தோன்றும்.

இவ்வாய்வு நம் நாட்டு வாசகருக்கு அந்நியமானதன்று. ‘பாலியில் நடனமும் நாடகமும்’ என்னும் பெருநூலை ஸ்பீஸும் பெரில் டி சூட்டும் இணைந்து எழுதி வெளியிட்ட ஆண்டும் 1938. அதே அம்மையார் பின்னர் தென்னிந்திய நடனத்தைப் பற்றி 1953 இலும், இலங்கையின் நடனத்தையும் மாந்திரீக நாடகத்தையும் பற்றி 1957 இலும் நூல்கள் எழுதினார். உழைப்பும் நுண்ணுணர்வும் நிறைந்த நூல்கள் அவை. நமது கூத்தையும் சடங்கையும் ஆராய்வோர் அவற்றைக் கற்கவேண்டும். ஆயினும் கற்கும்பொழுது ஒரு வினாவையும் உடன்கொண்டு செல்லவேண்டும்: இந்த ஆட்டக்காரன் ஆட்டம் முடிந்த மறுநாள் எங்கே வேலைக்குப் போனான்? எந்தச் சங்கத்திற் சேர்ந்தான்? மாலையில் எந்த மைதானத்தில் நின்றான்? நமது பல்கலைக்கழகங்களிலே இன்றுங்கூட நாட்டார் கலை பற்றிய ஆய்வுகள் பல, கலைஞனை அவனது வேடத்தோடு மட்டுமே நிறுத்திவிடுகின்றன. அந்த வகையில் மேனாட்டார் கட்டிய வீட்டிலேயே நாமும் குடியிருக்கின்றோம் எனலாம்.

ஒரு மக்கட் கூட்டத்தின் கலையை நேசித்தல் பெரிது. அம்மக்களும் நம்மோடு ஒரே காலத்தில், ஒரே உலகப் பொருளாதாரத்துள், ஒரே செய்திகளைக் கேட்டு வாழ்பவர் என ஏற்றல் அதனினும் பெரிது. முன்னையதை 1930 களின் பாலி நூல்கள் நிறைவேற்றின. பின்னையதை நிறைவேற்றும் பொறுப்பு அவற்றை வாசிக்கும் நம்மைச் சார்ந்தது.