ஓசை எழுப்பாத கீபோர்டு

மிடி கீபோர்டுக்கெனத் தனி ஒலி கிடையாது. ஒரு கட்டையை அழுத்தும்போது அதிலிருந்து கணினிக்குப் போவது மூன்று எண்கள்தான்: எந்தச் சேனலில் என்ன செயல், எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது. விரலை எடுக்கும்போது இன்னொரு செய்தி போகும். அது பியானோவாகக் கேட்குமா, வயலினாகவா, தபேலாவாகவா என்பதை மென்பொருள் முடிவு செய்கிறது. வாசிப்பு ஓரிடத்திலும் ஒலி வேறிடத்திலும் பிரிந்து நிற்பதே வீட்டில் இசை தயாரிக்கும் முறையின் அடித்தளம். அதன் வசதிகள் எல்லாம் இந்தப் பிரிவினையிலிருந்து வருகின்றன. இணைக்கும்போது எழும் சிக்கல்களும், இசையில் தெரியும் குறைகளும் அதிலிருந்துதான் வருகின்றன.

இந்த முறையைப் பொதுவாக்கியது 1983-ஆம் ஆண்டு. அந்த ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த ‘நாம்’ (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில், சீக்வென்ஷியல் நிறுவனத்தின் ப்ராஃபெட்-600 கருவியையும் ரோலண்ட் நிறுவனத்தின் ஜூபிடர்-6 கருவியையும் ஒரு கேபிளால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றில் வாசித்தால் மற்றொன்றிலும் ஒலித்தது. ஒன்று அமெரிக்க நிறுவனம், மற்றது ஜப்பானிய நிறுவனம். சந்தையில் இரண்டும் போட்டியாளர்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் மிடி 1.0 விதிமுறை வெளியானது. இதற்காக சீக்வென்ஷியலின் டேவ் ஸ்மித்துக்கும் ரோலண்டின் இகுதாரோ காகேஹாஷிக்கும் 2013-இல் தொழில்நுட்ப கிராமி விருது கிடைத்தது. விதிமுறை எளிமையானது: நொடிக்கு 31,250 பிட், 16 சேனல், 128 சுரங்கள், அழுத்து வேகத்துக்கு 127 படிகள். அன்றைய மலிவான சில்லுகளுக்கு ஏற்ற அளவு அது. நாற்பது ஆண்டுகள் கழித்தும் அதே எண்களே பெரும்பாலான வீடுகளில் ஓடிக்கொண்டிருப்பது அந்த வடிவமைப்புக்குப் பெருமைதான். ஆனால் அன்றைய சில்லுகளின் எல்லைகளும் சேர்ந்தே நீடிக்கின்றன.

இணைப்பு வேலை இப்போது எளிது. யுஎஸ்பி வழியாகச் செருகும் கீபோர்டுகளில் பெரும்பாலானவற்றுக்குத் தனி டிரைவர் தேவையில்லை; விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் அவற்றைத் தாமே அடையாளம் கண்டுகொள்ளும். அதன் பிறகு எஃப்எல் ஸ்டூடியோ, ரீப்பர், ஏபிள்டன் லைவ், கியூபேஸ், கராஜ்பேண்ட் என எந்த மென்பொருளாக இருந்தாலும் செய்ய வேண்டியவை ஒரே மாதிரிதான். அமைப்புப் பக்கத்தில் மிடி உள்ளீடாகக் கீபோர்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு டிராக்கில் மென்பொருள் வாத்தியம் ஒன்றை ஏற்ற வேண்டும். அந்த டிராக்கைப் பதிவுக்குத் தயார் நிலையில் வைக்க வேண்டும். கட்டையை அழுத்தியும் சத்தம் வராவிட்டால் பலர் முதலில் சந்தேகப்படுவது கீபோர்டை. அது பெரும்பாலும் வீண் சந்தேகம். மென்பொருளில் மிடி விளக்கு மினுங்கினால் செய்தி வந்து சேர்ந்துவிட்டது என்று பொருள். பழுது அதற்குப் பின்னால், டிராக்கிலோ வாத்தியத்திலோ ஸ்பீக்கர் தேர்விலோ இருக்கிறது. விளக்கு மினுங்கவில்லை என்றால்தான் கேபிளையும் கீபோர்டையும் பார்க்க வேண்டும். விண்டோஸில் வேறொரு நிரல் அந்தக் கீபோர்டை ஏற்கெனவே பிடித்துவைத்திருப்பதும் நெடுங்காலமாக உள்ள காரணம்.

புதிதாக ஒன்று வாங்குமுன், வீட்டில் இருக்கும் கருவியின் பின்புறத்தைப் பார்ப்பது நல்லது. பிள்ளைகள் பாடம் படிக்க வாங்கிய யமஹா, காசியோ கீபோர்டுகள் பலவற்றில் கணினிக்கான யுஎஸ்பி துளை உண்டு. அவற்றை அப்படியே மிடி கீபோர்டாகப் பயன்படுத்தலாம். ஒரே தொல்லை, அவற்றுக்குச் சொந்த ஒலியும் இருப்பதால் ஒவ்வொரு சுரமும் இரட்டையாகக் கேட்கும். ‘லோக்கல் கன்ட்ரோல்’ என்ற அமைப்பை அணைத்தால் கருவியின் சொந்த ஒலி நின்று, மென்பொருளின் ஒலி மட்டும் வரும். அந்த அமைப்பு இல்லாத மாதிரிகளில் கருவியின் ஒலியளவைச் சுழியமாக்கினாலே போதும். சஸ்டெய்ன் பெடலைப் பொறுத்தவரை, மிதிக்காதபோது நீண்டும் மிதித்தால் அறுந்தும் ஒலித்தால் அது பெடல் கெட்டதற்கு அடையாளமல்ல. பெடல்களில் இருவகைத் துருவம் உண்டு. கருவியை இயக்கும் நொடியில் பெடல் எந்த நிலையில் இருக்கிறதோ அதையே ஓய்வு நிலையாகப் பல கீபோர்டுகள் எடுத்துக்கொள்ளும். பெடலில் கால் வைக்காமல் மறுபடி இயக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

உண்மையான இடையூறு தாமதம். கணினி ஒலியைத் துளித்துளியாக அனுப்புவதில்லை. ஒரு குறிப்பிட்ட அளவு சாம்பிள்களைச் சேர்த்து, பஃபர் நிறைந்ததும் அனுப்புகிறது. நொடிக்கு 44,100 சாம்பிள் என்ற கணக்கில் 128 சாம்பிள் பஃபர் என்றால் 2.9 மில்லிசெகண்டு, 512 என்றால் 11.6, 1,024 என்றால் 23.2. பத்து மில்லிசெகண்டு என்பது மூன்றரை மீட்டர் தள்ளி நிற்கும் ஸ்பீக்கரிலிருந்து ஒலி வந்து சேரும் நேரம். பெரும்பாலோர் அதைத் தாங்கிக்கொள்வார்கள். இருபதைத் தாண்டினால் விரலுக்கும் காதுக்கும் இடையே பிணக்கு தொடங்கும். தாள வாத்தியம் வாசிப்பவருக்கு அதற்கு முன்பே தெரிந்துவிடும். விண்டோஸின் வழக்கமான ஒலிப்பாதை இதற்கு ஏற்றதல்ல. ஸ்டைன்பெர்க் நிறுவனம் உருவாக்கிய ஆசியோ டிரைவர் அந்தப் பாதையைச் சுற்றிக்கொண்டு போகிறது. தனி ஆடியோ இன்டர்ஃபேஸ் இருந்தால் அதன் சொந்த ஆசியோ டிரைவரையும், இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் பொது டிரைவரையும் பயன்படுத்தலாம். மேக்கில் இந்தத் தொல்லை குறைவு. பஃபரை மிகவும் குறைத்தால் கணினி மூச்சுத் திணறி, ஒலியில் பொரிவது போன்ற சத்தம் எழும். ஆகவே வாசித்துப் பதியும்போது சிறிய பஃபர், கலவை செய்யும்போது பெரிய பஃபர் என்பது நடைமுறை.

தாமதத்துக்கான இரண்டு காரணங்கள் எளிதில் கண்ணில் படுவதில்லை. ஒன்று, புளூடூத் ஹெட்ஃபோன். அது சேர்க்கும் தாமதம் பல நேரங்களில் நூறு மில்லிசெகண்டைத் தாண்டும். பஃபரை எவ்வளவு குறைத்தாலும் அது போகாது. கம்பியுள்ள ஹெட்ஃபோன்தான் தீர்வு. இன்னொன்று, மாஸ்டர் டிராக்கில் போட்டிருக்கும் லிமிட்டர் போன்ற பிளக்-இன்கள். வரப்போகும் ஒலியை முன்கூட்டியே பார்த்துக் கணக்கிடுபவை அவை. அந்த அவகாசத்துக்காக ஒலியையே தாமதப்படுத்துகின்றன. நேற்றுவரை நன்றாக வாசிக்க முடிந்த பாட்டு, கலவை வேலை தொடங்கியபின் திடீரென்று கைக்குப் பிடிபடாமல் போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

அழுத்தத்தை அளப்பதாகச் சொல்லப்படும் பகுதியிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பெரும்பாலான கீபோர்டுகள் அழுத்தத்தை அளப்பதே இல்லை. கட்டைக்கு அடியில் இரண்டு தொடுமுனைகள் இருக்கும்; முதலாவதைத் தொட்டு இரண்டாவதைத் தொட எடுக்கும் நேரத்தைக் கணக்கிட்டு, அதை 1 முதல் 127 வரை ஓர் எண்ணாக மாற்றுகின்றன. எந்த வேகத்துக்கு எந்த எண் என்பது ஒவ்வொரு தயாரிப்புக்கும் வேறு. எந்த எண்ணுக்கு எவ்வளவு ஒலி என்பது ஒவ்வொரு மென்பொருள் வாத்தியத்துக்கும் வேறு. மலிவான கீபோர்டில் மென்மையாக வாசித்தால் ஒன்றும் கேட்பதில்லை, கொஞ்சம் அழுத்தினால் அலறுகிறது என்ற புகாரின் மூலம் இங்கே இருக்கிறது. வேகத்தை எண்ணாகவும் ஒலியாகவும் மாற்றும் இந்த வெலாசிட்டி வளைவை மாற்றிக்கொள்ளும் வசதி கீபோர்டிலோ வாத்தியத்திலோ இருக்கும். வாங்கிய அன்றே அரை மணி நேரம் செலவிட்டு அதைத் தன் கைக்குப் பொருத்திக்கொள்ளாதவர்கள், பிறகு அந்தக் கீபோர்டின் குறையைத் தங்கள் விரலின் குறையாக எண்ணிக்கொள்கிறார்கள்.

இந்த முறையின் ஆதாயத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. பதிவாகியிருப்பது எண்கள் என்பதால், தவறாக விழுந்த ஒரு சுரத்தை மட்டும் நகர்த்தலாம், ஸ்தாயியை மாற்றலாம், மெதுவாக வாசித்துவிட்டு வேகத்தைக் கூட்டலாம். இரவு இரண்டு மணிக்கு ஹெட்ஃபோனில் ஒரு முழு வயலின் குழுவை எழுதலாம், பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல். ஏ.ஆர். ரஹ்மான் 1989-இல் சென்னையில் தம் வீட்டை ஒட்டி ஒரு ஸ்டூடியோ அமைத்தபோது, அறை கொள்ளும் அளவு கருவிகள் வேண்டியிருந்தன. இன்று அவற்றின் வேலையில் பெரும்பகுதியை 25 கட்டைக் கீபோர்டும் ஒரு மடிக்கணினியும் செய்துவிடும்.

ஆனால் திருத்துவது எளிதாகும்போது திருத்தாமல் விடுவது கடினமாகிறது. குவாண்டைஸ் என்ற ஒரே கட்டளை எல்லாச் சுரங்களையும் திரையில் உள்ள தாளக் கட்டத்தின் கோடுகளில் கொண்டுபோய் நிறுத்திவிடும். கோட்டுக்குச் சற்று முன்னும் பின்னும் விழுந்த விரல்களில் பிழையும் இருக்கும், இசையின் பாவமும் இருக்கும். கட்டளைக்கு இரண்டும் ஒன்றுதான். முழுமையாக இழுக்காமல் பாதியளவு மட்டும் கோட்டை நோக்கி நகர்த்தும் வசதி பெரும்பாலான மென்பொருள்களில் உண்டு. அதைப் பயன்படுத்துபவர்கள் குறைவு என்பதை வீட்டுத் தயாரிப்புகளைக் கேட்டாலே ஊகிக்கலாம். பின்னர் ‘ஹ்யூமனைஸ்’ கட்டளையால் தற்செயலான பிசிறுகளைச் சேர்ப்பது, எடுத்த ஒன்றைத் திருப்பித் தருவதாகாது. வாசித்தவரின் பிசிறு தற்செயலானதல்ல.

கட்டத்தின் வடிவமும் நடுநிலையானது அல்ல. மென்பொருளின் கட்டப் பட்டியலில் முன்னால் நிற்பவை இரண்டு, நான்கு, மூன்று என்ற பகுப்புகள். ஐந்தாகப் பகுக்கும் கண்ட நடைக்கும் ஏழாகப் பகுக்கும் மிஸ்ர நடைக்கும் பெரும்பாலும் தனியே கட்டம் அமைக்க வேண்டும், அல்லது கட்டத்தையே அணைத்துவிட்டுக் கையால் வாசிக்க வேண்டும். கணக்கு இதற்குத் தடையல்ல. ஓர் அடியை 480 பங்காகப் பிரிக்கும் மென்பொருளில் ஐந்து சரியாக வகுபடும், ஏழு வகுபடாது. என்றாலும் நிமிடத்துக்கு 60 அடி என்ற வேகத்தில் அந்தப் பிசகு ஒரு மில்லிசெகண்டு அளவுதான், எந்தக் காதுக்கும் எட்டாது. தடை இருப்பது பட்டியலில். எது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதோ அதுவே பாட்டாகிறது.

கமகத்தில்தான் இந்த முறை மிக அதிகமாகத் தடுமாறுகிறது. தோடியின் காந்தாரம் ஒரு கட்டையில் நிற்கும் சுரமல்ல. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே அசையும் ஓட்டம். கீபோர்டில் அதற்கு இருக்கும் ஒரே வழி பிட்ச் பெண்ட் சக்கரம். சக்கரம் 16,384 படிகளாகப் பதிவாவதால் நுட்பத்துக்குக் குறைவில்லை. வழக்கமான அமைப்பில் அது மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம் நகரும். தோடியின் காந்தாரத்திலிருந்து மேலே மத்தியமும் கீழே ரிஷபமும் சரியாக அவ்வளவு தூரம்தான். ஆகவே வாசிக்க முடியும், தேர்ந்த கைகள் அழகாகவே வாசிக்கின்றன. சிக்கல் வேறு. சக்கரம் அனுப்புவது தன் நிலையை மட்டும். எத்தனை அரைச்சுரம் என்பதை வாத்தியம் முடிவு செய்கிறது. இரண்டு என்ற அமைப்பில் பதிந்த கமகத்தைப் பன்னிரண்டு என்று அமைந்த வேறொரு வாத்தியத்துக்கு மாற்றினால், காந்தாரத்தின் அசைவு ஒரு முழு ஸ்தாயிக்கு மேலும் கீழும் பாயும். வாசித்த பிறகு வாத்தியத்தை மாற்றிக்கொள்ளலாம் என்ற வாக்குறுதி, இந்திய இசைக்கு மிகவும் தேவைப்படும் இடத்திலேயே பொய்க்கிறது. சக்கரம் ஒரு சேனலில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் சேர்த்தே வளைக்கும் என்பது இரண்டாவது தொல்லை. அதே டிராக்கில் சட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு கமகம் வாசித்தால் சட்ஜமும் ஆடும். சுருதியைத் தனி டிராக்கில் வைத்து இதைத் தவிர்க்கலாம்.

கட்டை வைத்த வாத்தியத்தின் மீது, கமகத்துக்குப் பொருந்தாது என்ற இந்தக் குற்றச்சாட்டு புதியதல்ல. இதே காரணத்தை முன்வைத்து 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலியில் ஹார்மோனியத்துக்குத் தடை இருந்தது. தடை மிகையானது; மேடையும் நாடகக் கொட்டகையும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் காரணத்தில் உண்மை இல்லாமலில்லை. 1991-இல் வகுத்த ஜெனரல் மிடி பட்டியலின் 128 ஒலிகளில் சிதாரும் ஷெனாயும் இடம்பெற்றன. வீணையும் நாதஸ்வரமும் இல்லை. இன்று அவற்றின் சாம்பிள் தொகுப்புகள் விற்கின்றன. என்றாலும் தனித்தனிச் சுரங்களாகப் பதிந்த வீணையை ஒன்றாகக் கோத்தால், மீட்டலுக்கும் இழுப்புக்கும் இடையே உள்ள உறவு அறுந்துபோகிறது. ஒலி வீணையாக இருக்கும், வாசிப்பு ஹார்மோனியமாக இருக்கும்.

தீர்வுகள் வரத் தொடங்கிவிட்டன. ஒவ்வொரு விரலுக்கும் தனிச் சேனல் தரும் எம்பிஇ முறை 2018-இல் அதிகாரபூர்வமாக வெளியானது. ரோலி சீபோர்டு போன்ற மிருதுவான பரப்புள்ள கருவிகளில் விரலை அசைத்தே சுரத்தை அசைக்கலாம், பக்கத்து விரலின் சுரத்தைத் தொடாமல். 2020-இல் அறிவித்த மிடி 2.0, அழுத்து வேகத்தை 127 படிகளிலிருந்து 65,000-க்கும் மேற்பட்ட படிகளாக விரித்தது. சுரத்துக்குச் சுரம் தனி வளைவையும் அனுமதித்தது. கருவி, இயங்குதளம், மென்பொருள் மூன்றும் ஒருங்கே மாறினால்தான் பலன் என்பதால் பரவல் மெதுவாக நடக்கிறது. தொடங்குபவர் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பியானோ பயின்றவருக்குக் கனமான சுத்தியல் இயக்கமுள்ள 88 கட்டைகள் பொருந்தும். தாளமும் பேஸும் எழுதுபவருக்கு 25 போதும். கர்நாடக சங்கீதத்தை மனதில் வைத்திருப்பவர் கட்டைகளின் எண்ணிக்கையைவிடச் சக்கரத்தைப் பார்த்து வாங்குவதே மேல். சில சிறிய கீபோர்டுகளில் சக்கரத்துக்குப் பதில் தொடுபட்டையோ பொத்தானோ இருக்கும். பொத்தானில் கமகம் பிறக்காது.

பாட்டைப் பாதுகாத்துவைப்பது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எண்பதுகளில் எழுதிய மிடி கோப்பு இன்றும் திறக்கும். அதை ஒலியாக்கிய வாத்திய மென்பொருள் அப்படியல்ல. இயங்குதளம் மாறினாலோ உரிமம் காலாவதியானாலோ தயாரித்த நிறுவனம் மூடப்பட்டாலோ, சுரங்கள் எஞ்சும், ஒலி போய்விடும். ஆகவே முடித்த பாட்டின் ஒவ்வொரு டிராக்கையும் ஒலிக் கோப்பாக ஒருமுறை ஏற்றுமதி செய்து, மிடி கோப்போடும் வாத்தியத்தின் பெயர், பிட்ச் பெண்ட் அளவு, வெலாசிட்டி வளைவு ஆகிய குறிப்புகளோடும் சேர்த்துவைக்க வேண்டும்.