திராட்சைத் தோட்டத்தில் மூன்று நாள்: ஒரு பயண நிரலை வாசித்தல்

விஷயம் சாதாரணமானது. கேப் டவுனில் ஒரு கருத்தரங்கு. அது முடிந்த கையோடு நண்பர்கள் நான்கு பேருக்கு மூன்று நாள் கிடைக்கிறது. பக்கத்திலேயே தென்னாப்பிரிக்காவின் ஒயின் பிரதேசம். "ஒரு நடை போயிட்டு வந்துடலாம் தோழர். நீங்கதான் எதையும் எழுதி வைக்கிற ஆளு, பிளானை நீங்களே போட்டுடுங்க" என்றார்கள். போட்டேன். முதல் நாள் கான்ஸ்டான்ஷியா, இரண்டாம் நாள் ஸ்டெல்லன்பாஷ், மூன்றாம் நாள் ஃப்ரான்ஸ்ஹூக். காலை பத்தரைக்கு ருசிபார்ப்பு, ஒரு மணிக்குச் சாப்பாடு, மூன்றரைக்கு இன்னொரு தோட்டம். அறுவடை ஜனவரிக் கடைசியில் தொடங்கி ஏப்ரல் வாக்கில் முடிந்துவிடும் என்பதால் மார்ச் முதல் வாரம். நாலு பேரும் குடிப்பதால் வண்டி ஓட்ட வெளியாள். எல்லாம் ஒரே தாளில் அடங்கிவிட்டது.

அந்தத் தாளை இரவு திரும்ப வாசித்தபோதுதான் உறுத்தியது. ஊரில் உள்ள நாவல்களையெல்லாம் 'பிரதி' 'பிரதி' என்று பிரித்துப் போட்டிருக்கிறோம். நம் கையெழுத்திலேயே உள்ள ஒரு பக்கத்தை அப்படி வாசிக்க ஏன் தோன்றுவதில்லை? பயண நிரலும் ஒரு பிரதிதான். எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லும்போதே எதைப் பார்க்க வேண்டியதில்லை என்பதையும் அது சொல்லி முடித்துவிடுகிறது. இந்தக் கட்டுரை அந்த ஒரு பக்கத் தாளின் மீதான விமர்சனம். எழுதியவனும் விமர்சிப்பவனும் ஒரே ஆள் என்பதால் யாருக்கும் மனத்தாங்கல் வர வாய்ப்பில்லை.

1

ஒவ்வோர் ஊர்ப் பெயருக்கும் பக்கத்தில் ஒரு வருஷத்தைக் குறித்து வைத்திருந்தேன். ஸ்டெல்லன்பாஷ், 1679. கான்ஸ்டான்ஷியா, 1685. ஃப்ரான்ஸ்ஹூக், 1688. முதல் இரண்டும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கேப் அதிகாரி சைமன் வான் டெர் ஸ்டெல் சம்பந்தப்பட்டவை. ஓர் ஊரை நிறுவிய ஆண்டு, தனக்கென ஒரு தோட்டத்தைப் பெற்ற ஆண்டு. மூன்றாவது, மதத் துன்புறுத்தலுக்குத் தப்பிய பிரெஞ்சுப் புராட்டஸ்டன்டுகள் கேப்புக்கு வந்த ஆண்டு. எல்லாம் விளம்பரத் துண்டுகளிலிருந்து இறங்கியவை. ஒயின் வியாபாரத்தில் பழமைதான் சரக்கு. புட்டியின் கழுத்தில் ஒரு வருஷத்தைக் கட்டித் தொங்கவிட்டால் விலை ஏறுகிறது. கான்ஸ்டான்ஷியாவின் இனிப்பு ஒயினை செயின்ட் ஹெலினா தீவில் சிறைப்பட்டிருந்த நெப்போலியன் வரவழைத்துக் குடித்தான், 1811-இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டின் நாவலில் அது வருகிறது என்பவையும் இதே கணக்கில் சேரும்.

என் தாளில் இல்லாத வருஷங்களை இப்போது எழுதிப் பார்க்கிறேன். 1658: அங்கோலாவிலிருந்தும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் இரண்டு கப்பல்கள் அடிமைகளைக் கொண்டுவந்து கேப்பில் இறக்குகின்றன. 1659 பிப்ரவரி 2: கேப் திராட்சையிலிருந்து முதன்முதலாக ஒயின் பிழியப்பட்டதைத் தளபதி யான் வான் ரீபேக் தன் நாட்குறிப்பில் பதிகிறார். அதே வருஷம், மேய்ச்சல் நிலம் பறிபோவதை எதிர்த்து அம்மண்ணின் கோய்கோய் மக்கள் போரில் இறங்குகிறார்கள். 1660: அவர்களும் அவர்களது மாடுகளும் உள்ளே வராதபடி கசப்பு வாதுமையில் உயிர்வேலி நடப்படுகிறது. அந்த வேலியின் ஒரு பகுதி கிர்ஸ்டன்பாஷ் தாவரத் தோட்டத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது. என் நிரலில் முதல் நாள் மாலை 'கிர்ஸ்டன்பாஷ், பூக்கள், அரை மணி' என்று எழுதியிருந்தேன்.

ஆக, முதல் சொட்டு ஒயின் விழும் முன்பே அடிமைகள் வந்தாயிற்று. விழுந்த கையோடு போரும் வந்தாயிற்று. மூன்றும் ஒரே வரலாறு. சுற்றுலாச் சொல்லாடல் இதில் ஒன்றை மட்டும் புட்டியில் அடைத்து மற்ற இரண்டையும் அடிவண்டலாகக் கொட்டிவிடுகிறது.

2

ரோலான் பார்த்தின் 'மித்தாலஜீஸ்' 1957-இல் வந்தது. அதில் ஒயினைப் பற்றிய சின்னக் கட்டுரை ஒன்று உண்டு. பிரெஞ்சுக்காரனுக்கு ஒயின் எப்படி ஒரு தேசியத் தொன்மமாகிறது என்று ரசித்து ரசித்துச் சொல்லிக்கொண்டே வருபவர், கடைசியில் அல்ஜீரியாவுக்கு வந்து நிற்பார். நிலத்தைப் பறிகொடுத்த முஸ்லிம்கள், ரொட்டிக்கே வழியில்லாத நிலையில், தங்களுக்குத் தேவையே இல்லாத ஒரு பயிரை அதே நிலத்தில் விளைவிக்க வைக்கப்படுகிறார்கள் என்பார். ஒயினின் ருசி நிஜம்தான். ஆனாலும் அது ஒரு பறிப்பின் விளைபொருள் என்பதை மறந்தால்தான் அதை அப்பாவியாக ருசிக்க முடியும் என்பது அவர் வாதம்.

கேப்பில் இது இன்னும் ஒருபடி மேலே போயிற்று. அல்ஜீரிய முஸ்லிம் ஒயினைக் குடிக்கவில்லை. கேப்பின் கூலியாள் குடிக்க வைக்கப்பட்டான். 'டாப்' முறை என்று பெயர். டாப் என்றால் ஒரு மடக்கு. கூலியில் ஒரு பகுதியை மட்டமான ஒயினாகக் கொடுத்துவிடுவது. காலையில் ஒன்று, நடுவில் ஒன்று, மாலையில் ஒன்று என ஒரு நாளைக்குப் பலமுறை. 1834 டிசம்பர் 1-இல் அடிமை முறை ஒழிந்தது. 'பயிற்சிக் காலம்' என்ற பெயரில் கட்டிப்போட்டது 1838-இல்தான் முடிந்தது. விடுதலையான ஆளைத் தோட்டத்தைவிட்டுப் போகவிடாமல் பிடித்துவைக்கச் சங்கிலியைவிட டாப் வசதியாக இருந்தது. கூலிக்குப் பதிலாக மது கொடுப்பதை 2003-ஆம் ஆண்டு மதுச் சட்டமும் தடைசெய்ய வேண்டியிருந்தது என்றால் பழக்கம் எவ்வளவு ஆழம் போயிருந்தது என்று பார்த்துக்கொள்ளலாம். தாயின் குடியால் கருவிலேயே பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களில் மேற்குக் கேப்பும் ஒன்று. ருசிபார்ப்பு மேஜையில் துப்புவதற்கு ஒரு பாத்திரம் வைப்பார்கள். வாயில் வைத்து, சுழற்றி, துப்பிவிடும் உரிமை நமக்கு இருக்கிறது. டாப் வாங்கியவனுக்கு அது இருக்கவில்லை.

பழைய தோட்டங்கள் பலவற்றில் வெள்ளையடித்த தூண்களுக்கு நடுவே ஒரு மணி தொங்கும். அடிமை மணி. எழ, வேலைக்குப் போக, நிறுத்த என்று நாளைத் துண்டு போட்ட மணி. இன்றைக்கு அதன் கீழே கல்யாணப் படம் எடுக்கிறார்கள். என் தாளில் பத்தரை, ஒன்று, மூன்றரை என்று நான் துண்டு போட்டதும் ஒரு மணிதான். என்னுடையது ஓய்வின் மணி. ஆனால் நான் பத்தரைக்கு உட்கார வேண்டுமென்றால் யாரோ ஒருவர் விடியுமுன் எழுந்திருக்க வேண்டும்.

3

"அதெல்லாம் பழைய கதை தோழர்" என்றார் ஒரு நண்பர். பழைய கதையா? 2011-இல் 'ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்' அமைப்பு இப்பகுதிப் பழ, ஒயின் தோட்டங்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. மோசமான குடியிருப்பு, பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் பூச்சிமருந்து, குடிநீரும் கழிப்பிடமும் இல்லாத வேலையிடம், சங்கம் சேரத் தடை. 2012 நவம்பரில் டி டூர்ன்ஸ் என்ற ஊரில் வேலைநிறுத்தம் வெடித்தது. அது தின்னும் திராட்சை விளையும் ஊர்; அங்கிருந்து மேற்குக் கேப்பின் மற்றப் பண்ணை ஊர்களுக்கும் பரவியது. அன்றைய குறைந்தபட்ச நாள்கூலி 69 ராண்ட். கேட்டது 150. கிடைத்தது, 2013 மார்ச் முதல், 105. இடையில் மூன்று உயிர்கள் போயின. 2019-இல் தேசியக் குறைந்தபட்சக் கூலி வந்தபோது மணிக்கு 20 ராண்ட் என்றார்கள். பண்ணையாளுக்கு மட்டும் 18.

4

இதுவரை சொன்னது வெள்ளைக்காரன் மறைத்தது. இனி நாம் மறைத்ததற்கு வருகிறேன்.

எங்கள் நால்வரில் ஒருவர் டர்பன்காரர். தமிழ்க் குடும்பம், ஐந்தாம் தலைமுறை. "நாங்க கரும்புக்கு வந்தவங்க. ஒயினுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிரித்தார். தென்னாப்பிரிக்கத் தமிழர் வரலாறு என்று நாம் எழுதுவதெல்லாம் 1860 நவம்பர் 16-இல், சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியதிலிருந்து தொடங்கும். அதற்கு இருநூறு வருஷம் முன்பே ஆட்கள் போனார்கள். 1652-க்கும் 1808-க்கும் இடையில் கேப்புக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் ஏறக்குறைய 60,000 பேர். அதில் நாலில் ஒரு பங்கு இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். வங்கம், மலபார், நம் சோழமண்டலக் கரை. பழவேற்காடும் நாகப்பட்டினமும் டச்சுக் கம்பெனியின் துறைமுகங்கள். 1659-61-இல் தஞ்சைச் சீமையில் பஞ்சம் வந்தபோது ஆயிரக்கணக்கானவர்களை வாங்கிக் கப்பலேற்றினார்கள். பெரும்பகுதி இலங்கைக்கு, மிச்சம் கிழக்கே. கேப்புக்கு வந்தவர்களின் பெயருக்குப் பின்னால் ஊர் ஒட்டப்பட்டது: 'வான் பெங்காலன்', 'வான் மலபார்', 'வான் கோரமண்டல்'. பலருக்கு மாதத்தின் பெயரையே பெயராக வைத்தார்கள். செப்டம்பர், பிப்ரவரி என்ற குடும்பப் பெயர்கள் கேப்பில் இன்றும் இருக்கின்றன.

இவர்கள் ஏன் நம் புலம்பெயர் கதையாடலில் இல்லை? அவர்களிடம் மொழி மிஞ்சவில்லை, கோயில் மிஞ்சவில்லை, சாதியும் மிஞ்சவில்லை. மற்ற அடிமைகளோடு கலந்து 'கேப் மலாய்', 'கலப்பினத்தார்' என்று வேறு பெயர்களுக்குள் போய்விட்டார்கள். காவடியும் தேர்த்திருவிழாவும் வைத்திருப்பவனைத்தான் தமிழன் என்று எண்ணிக்கொள்கிறோம். பஞ்சத்தில் விற்கப்பட்டவர்களில் எந்தச் சாதியார் அதிகம் இருந்திருப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. உலகெங்கும் தமிழன் என்று பெருமை பேசும் பெருங்கதையாடலுக்கு, ஊரிலேயே ஆளாக மதிக்கப்படாதவன் கடல் கடந்து அடையாளமற்றுக் கரைந்துபோன கதை உதவாது.

இதில் ஒரு முரணும் உண்டு. சைமன் வான் டெர் ஸ்டெல்லின் தாய்வழிப் பாட்டியே இந்தியக் கரையைச் சேர்ந்த பெண் என்று எழுதுகிறார்கள். அவருடைய பேரன் பெயரில் ஊர் இருக்கிறது.

5

சரி, போகாமல் இருந்துவிடலாமா? "எல்லாத்துலயும் ரத்தத்தைப் பாத்தா ஒரு டீ கூடக் குடிக்க முடியாது" என்றார் நண்பர். நியாயம்தான். தேயிலையின் கதை நமக்குத் தெரியாததா? 2011 அறிக்கையும் ஒயினைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை. அடி முதலில் தொழிலாளி வயிற்றில்தான் விழும். மறுபக்கம், அடிமை அருங்காட்சியகத்தை நிரலில் சேர்த்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்பதும் மோசடி. குற்றவுணர்வையும் ஒரு கோப்பை ருசிபார்த்துத் துப்பிவிட்டு வரலாம். அதற்கும் வழிகாட்டிகள் இருக்கிறார்கள்.

போவதென்றே முடிவு. தாளை மாற்றி எழுதினேன். முதல் நாள் காலை பத்தரைக்குக் கம்பெனியின் அடிமை விடுதி, பிறகு பக்கத்திலேயே சர்ச் சதுக்கத்தில் 2008-இல் வைத்த கருங்கல் பாளங்கள். அடிமைகளின் பெயர்கள் அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நின்று வாசிக்க வேண்டும். கிர்ஸ்டன்பாஷில் பூவுக்குப் பதில் வேலி. ஸ்டெல்லன்பாஷில் ஒரு தோட்டத்தைக் குறைத்து, அந்த அரை நாள் பண்ணைத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் யாராவது பேச இசைந்தால் அவர்களோடு. மிச்ச நேரம் ஒயின், அதையும் மறைக்கவில்லை.

மாற்றி எழுதும்போதுதான் பழைய தாளின் கடைசி வரி கண்ணில் பட்டது: 'டிரைவர் – 1'. எங்கள் நான்கு பேருக்கும் பெயர் இருந்தது, யார் சைவம், யார் அசைவம் என்ற குறிப்புகூட இருந்தது. அவருக்கு எண் மட்டும். கம்பெனிக் குமாஸ்தாவாவது ஒரு மாதத்தின் பெயரைக் கொடுத்தான். டர்பன் தோழரிடம் சொல்லி அவர் பெயரையும், ஒரு மணிக்கு அவர் எங்கே சாப்பிடுவார் என்பதையும் கேட்கச் சொல்லியிருக்கிறேன். பதில் வந்த பிறகுதான் அந்த நிரலை முடிக்க முடியும்.