உழைப்பும் நிறைவும்: செக்கோவின் பேராசிரியரை முன்வைத்துச் சில கருத்துகள்

ஓயாது உழைத்து உயர்ந்தோர் பலர் தாம் எய்தியதை எண்ணி நிறைவு கொள்ள இயலாதவராய் இருப்பது ஏன் என்னும் வினாவுக்கு நம்மிடையே இரண்டு விடைகள் வழங்கி வருகின்றன. ஆசைக்கு எல்லை இல்லை, போதுமென்ற மனம் வேண்டும் என்பது ஒன்று. இது பிரசங்க மேடைகளிலிருந்து வருவது. தன்னைத் தானே மதிக்கப் பழகாதவனுக்கு எதுவும் நிறைவு தராது என்பது மற்றொன்று. இது புத்தகக் கடைகளின் முன்வரிசையை அடைத்துக்கொண்டிருக்கும் வாழ்க்கை வழிகாட்டி நூல்களின் விடை. முன்னது பழையது, பின்னது புதியது. ஆயினும் இரண்டும் ஓரிடத்திலேயே வந்து நிற்கின்றன. குறை உழைத்தவனுடையது, அவன் தன் மனத்தைத் திருத்திக்கொள்ளட்டும் என்பதே இரண்டின் தீர்ப்பும். அவன் எந்த உலகில், யாருக்காக, எவருடைய அளவுகோலின்கீழ் உழைத்தான் என்பது பற்றி இரண்டுமே வாய் திறப்பதில்லை.

சிறந்த இலக்கியகாரர் இவ்வினாவை இவ்வளவு மலிவாகத் தீர்த்துவிடவில்லை. அன்ரன் செக்கோவ் 1889 ஆம் ஆண்டிலே வெளியிட்ட 'சலிப்பூட்டும் கதை' இதற்குத் தக்க சான்றாகும். ஒரு முதியவரின் குறிப்பேட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்னும் துணைத்தலைப்போடு வந்த அந்த நெடுங்கதையை எழுதியபோது ஆசிரியருக்கு வயது 29 தான். கதையைச் சொல்பவர் மருத்துவப் பேராசிரியர் நிக்கொலாய் ஸ்தெபானொவிச், வயது 62. உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பெற்ற விருதுகள் பல. எழுத்தறிந்த ருஷ்யர் அனைவரும் அறிந்த பெயர். தமக்கு இன்னும் ஆறு மாதமே எஞ்சியிருக்கிறதென்பதை அவரது மருத்துவ அறிவே அவருக்குச் சொல்லிவிடுகிறது. இரவில் உறக்கமில்லை. விழித்திருந்து தம் வாழ்வைக் கணக்குப் பார்க்கிறார், கணக்கு நேர்ப்படவில்லை.

இவர் தம் தொழிலை வெறுத்தவரல்லர். விரிவுரை மண்டபத்திலே நூற்றைம்பது முகங்களை எதிர்கொண்டு, அவற்றைத் தம் சொல்லுக்கு வசப்படுத்திய அனுபவத்தை அவர் விவரிக்கும் பக்கங்கள், கற்பித்தலின் இன்பம் பற்றி நாம் படித்தவற்றுள் மிகச் சிறந்தவை. வகுப்பறையிலே நாள்தோறும் நிற்கும் நம்மவர்கள் அப்பக்கங்களை ஒரு முறையேனும் படித்தல் வேண்டும். வேறெந்தப் பொழுதுபோக்கும் இத்தகைய இன்பத்தைத் தமக்கு அளித்ததில்லை என்கிறார் பேராசிரியர். அவர் சோம்பரல்லர்; பேராசைக்காரருமல்லர்; புகழுக்கும் குறைவில்லை. மேலே கூறிய விடைகள் இரண்டும் இவரிடத்திலே தோற்றுப் போகின்றன.

அப்படியானால் எது பிழைத்தது? மகளை மணக்க வந்தவனின் குடும்பத்தைப் பற்றி விசாரிப்பதற்காகக் கார்க்கொவ் நகருக்குச் சென்று விடுதியில் தங்குகிறார். அந்நகருக்குப் புகழ்பெற்ற பேராசிரியர் வந்திருக்கும் செய்தியைப் பத்திரிகையிலே அவரே வாசிக்கிறார். அவருடைய பெயர் நகரெங்கும் தனியே உலாவுகிறது. அதன் உடைமையாளரோ அயலூர் விடுதி அறையிலே துணையின்றி உட்கார்ந்திருக்கிறார். பெயர் என்பது ஆளை விட்டுப் பிரிந்து தனக்கென ஒரு வாழ்வு வாழத் தொடங்கிவிட்டது. மகள் இரகசியமாக மணம் செய்துகொண்டாள் என்ற தந்தி அங்கேயே வருகிறது. அச்செய்தியை விட, அதனைக் கேட்டுத் தம் மனம் அசையாமல் இருந்ததே அவரைத் திடுக்கிட வைக்கிறது. பின்னர் அவர் மகள் போல் வளர்த்த கத்யா வருகிறாள். தான் என்ன செய்ய வேண்டும், எப்படி வாழ வேண்டும் என்று அழுது கேட்கிறாள். முப்பதாண்டு காலம் பிறருக்குக் கற்பித்தவர் தமக்குத் தெரியாது என்கிறார். சாப்பிடலாம் வா என்று அழைக்கிறார்.

தம் எண்ணங்கள் யாவற்றையும் ஒன்றாகக் கோக்கும் பொதுக் கருத்து ஒன்று தம்மிடம் இல்லை என்பது பேராசிரியர் தாமே கண்ட நோய்க்குறி. விமரிசகர் பலர் இதனை ஒரு தனி மனிதரின் உள்ளத்து வறுமையாகவே கொள்வர். நாம் அதற்கு உடன்படுவதற்கில்லை. 1881 இல் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்டதன் பின் ருஷ்யாவிலே அடக்குமுறை இறுகிற்று. 1884 ஆம் ஆண்டுச் சட்டம் பல்கலைக்கழகங்களின் தன்னாட்சியைப் பறித்தது. அறிவாளி உழைக்கலாம், விருது பெறலாம். தன் உழைப்பு எதற்குப் பயன்பட வேண்டும் என்று பிறரோடு கூடித் தீர்மானிக்க மட்டும் இயலாது. அத்தகைய சமுதாயத்திலே பொதுக் கருத்து ஒருவருடைய மண்டைக்குள் மட்டும் எங்கிருந்து முளைக்கும்? செக்கோவ் இதனை வெளிப்படையாகச் சொல்லவில்லை; சொல்லியிருந்தால் கதை கெட்டிருக்கும்.

இக்கதையிலே நிறைவு கொண்ட உழைப்பாளி ஒருவனும் உண்டு. பேராசிரியரின் உதவியாளனாகிய பியோத்தர் இக்னாத்தியெவிச் காலை முதல் இரவு வரை வேலை செய்பவன். படித்ததெல்லாம் நினைவில் வைத்திருப்பவன். தன்மேலும் தன் துறைமேலும் ஐயமே கொள்ளாதவன். ஓவியர் பெரோவ் இறந்த செய்தியைச் சொன்னால், அவர் எந்தப் பாடம் கற்பித்தவர் என்று கேட்கிறான். பண்டிதத்தின் பாரம் இழுக்கும் குதிரை! நிறைவடைவது எப்படி என்று கற்பிக்கும் நூல்கள் நமக்கு முன்வைக்கும் இலட்சிய மனிதன் உண்மையில் இவனே என்று நமக்குத் தோன்றுகிறது. நிக்கொலாய் ஸ்தெபானொவிச்சின் நிறைவின்மை இவனுடைய நிறைவைக் காட்டிலும் மேன்மையானது.

1849 இல் வெளியிட்ட 'கூலியுழைப்பும் மூலதனமும்' என்னும் நூலிலே கார்ல் மார்க்ஸ் வீடொன்றை உவமையாகக் காட்டுவார். சுற்றிலும் சிறு வீடுகளே உள்ளவரை சிறு வீடு போதுமானது. அருகே மாளிகை எழுந்ததும் அதே வீடு குடிசையாகச் சுருங்கிவிடுகிறது. சுவரும் கூரையும் மாறவில்லை, அளவுகோல் மாறிவிட்டது. அவ்வளவுகோல் நம் பாடசாலைகளுக்குள்ளும் வந்துவிட்டது. உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றிலே பாடச் சித்திகளோடு இசட் புள்ளியும் மாவட்ட நிலையும் தீவு நிலையும் வருகின்றன. இசட் புள்ளி என்பது மாணவன் எவ்வளவு கற்றான் என்பதைச் சொல்வதன்று; சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறான் என்பதைச் சொல்வது. பல்கலைக்கழக இடங்கள் சிலவாயும் கேட்போர் பலராயும் இருக்கையில் ஏதேனும் ஓர் அளவை வேண்டியதே என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் மூன்று பாடங்களிலும் ஏ சித்தி பெற்றும், மருத்துவ பீடத்துக்கு இடமில்லை என்பதால் தோற்றவராய்த் தலைகுனியும் பிள்ளைகளை ஆசிரியராகிய நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். உயிரியலை விரும்பிக் கற்ற இரண்டு ஆண்டுகள் எங்கே போயின என்று அவர்களும் கேட்பதில்லை, நாமும் கேட்பதில்லை.

இது படித்தவர்களின் சொகுசு நோய், வயிற்றுக்குழைப்பவனுக்கு இதற்கு நேரமேது என்று நண்பர் சிலர் கூறக்கூடும். மலையகத்திலே கொழுந்து பறிக்கும் பெண்ணின் ஒரு நாள் தராசிலே இத்தனை கிலோ என்று முடிகிறது. குறித்த நிறை தேறாவிட்டால் அரைப்பேர்தான். குறித்தவர் அவளல்லர். மழையிலும் அட்டைக்கடியிலும் அவள் விரல்கள் கற்ற நுட்பத்துக்கு அந்தத் தராசிலே தட்டு இல்லை. அவளுக்கு நேர்வது பேராசிரியருக்கு நேர்ந்ததைவிடக் கொடியது, வேறானதன்று. நம் முற்போக்கு எழுத்தாளர் அவளுடைய பசியை எழுதினார்கள், அது அவர்களின் பெரும்பணி. அவளுடைய திறமையின் பெருமிதத்தையும், அது பறிபோவதையும் எழுதியவர்கள் சிலரே.

இதனை நாடகமாக்கியவர் ஆதர் மில்லர். 1949 இல் நியூயோர்க்கில் மேடையேறிய 'ஒரு விற்பனையாளனின் மரண'த்தின் நாயகன் வில்லி லோமன், ஒரே நிறுவனத்துக்காக முப்பதாண்டுகளுக்கு மேல் ஊரூராக அலைந்தவன். அவன் விற்றது என்ன பண்டம் என்பதை நாடகம் கடைசிவரை சொல்வதேயில்லை. அது மில்லரின் மிகக் கூர்மையான தீர்மானம். தன்னைப் பிறருக்குப் பிடித்திருக்கிறதா என்பதே வில்லியின் அளவுகோல். அந்த அளவுகோலின்படி அவன் என்றுமே தேறவில்லை. முதுமையிலே முதலாளியின் மகன் அவனை வேலையிலிருந்து நீக்கிவிடுகிறான்.

ஆனால் இந்த மனிதனுக்கு உண்மையிலேயே வசப்பட்ட தொழில் ஒன்று உண்டு. விடுமுறை நாட்களிலே சீமெந்து குழைத்துத் தன் வீட்டு வாசற்படியைத் தானே கட்டினான், குளியலறை அமைத்தான், உட்கூரை போட்டான். அப்போதெல்லாம் அவன் மகிழ்ந்திருந்தான் என்பது பின்னர் நினைவுகூரப்படுகிறது. தந்தை செய்த விற்பனைகள் அனைத்திலும் இருந்ததைவிட அந்த வாசற்படியிலேதான் அவர் அதிகம் இருந்தார் என்னும் பொருள்பட மூத்த மகன் கல்லறையருகே பேசுகிறான். வில்லி உயிரோடிருந்தவரை அந்தப் படியைத் தன் சாதனைகளில் ஒன்றாக எண்ணியதேயில்லை. அதற்கு யாரும் தரகு கொடுக்கவில்லை அல்லவா?

வீட்டுக் கடனின் இறுதித் தவணையை அன்றைக்குத்தான் கட்டி முடித்ததாக மனைவி லின்டா அந்தக் கல்லறையைப் பார்த்துச் சொல்கிறாள்.