காலர் நிற்க வேண்டும்

சட்டையில் என் கண் முதலில் போவது காலருக்குத்தான். துணி என்ன விலை, நிறம் எடுப்பா என்பதெல்லாம் அப்புறம். காலர் தொய்ந்து கிடந்தால் எவ்வளவு விலை உயர்ந்த சட்டையும் தூங்கி எழுந்த கோலத்தில்தான் இருக்கும். அதை நிமிர்த்தி வைப்பவர்கள் மூன்று பேர்: தைப்பவர், கஞ்சி போடுபவர், இஸ்திரி போடுபவர். என் ஓட்டு மூன்றாமவருக்கு. ஆனால் முதல் ஆள் சொதப்பினால் மற்ற இருவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

காலருக்குள் ஒரு கேன்வாஸ் துணி இருக்கிறது. ரெடிமேட் சட்டைகளில் பெரும்பாலும் பசை பூசிய கேன்வாஸைச் சூட்டில் அழுத்தி ஒட்டிவிடுகிறார்கள். கடையில் பார்க்கும்போது விறைப்பாகத்தான் இருக்கும். மட்டமான பசையாக இருந்தால் சில சலவையிலேயே விட்டுப்போய், காலர் மேல் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். விவரமான டெய்லர் காட்டன் கேன்வாஸைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டுவார். சுருங்க வேண்டியது முன்பே சுருங்கிவிடட்டும் என்றுதான். காலரின் மேல்துணியை அடித்துணியைவிட நூலளவு பெரிதாக வெட்டுவதும் அவர் கைப்பழக்கம். அதனால்தான் முனைகள் மேலே சுருளாமல் நெஞ்சைப் பார்த்துப் படிகின்றன.

கஞ்சியில் ஆளுக்கொரு கட்சி. சோறு வடித்த கஞ்சி, மைதா, ஜவ்வரிசி என்று வீட்டுக்கு வீடு மாறும். நான் ஜவ்வரிசிக் கட்சி. சேலம், ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுக்கும் அந்த மாவு வெந்ததும் கண்ணாடியாகத் தெளிந்துவிடும். கறுப்புச் சட்டையில்கூட மைதா போலத் திட்டுத் திட்டாக வெள்ளை பூக்காது. ஊறவைத்துக் கரைத்து, அடுப்பில் கிண்டிக்கொண்டே இருந்தால் 60, 70 டிகிரியில் மாவு தண்ணீரைக் குடித்து உப்பிக் கெட்டியாகும். பிறகு துணியில் வடிகட்டி, நீர்க்க விளாவ வேண்டும். சட்டை முழுவதையும் ஒரு முறை முக்கி, காலரையும் கைப்பட்டியையும் மட்டும் இன்னொரு முறை முக்கினால் போதும். மேடைகளில் சிலர் போடும் வெள்ளைச் சட்டையைப் பார்த்திருப்பீர்கள். ஆள் இறங்கிப் போனாலும் சட்டை நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கும் போல அத்தனை கஞ்சி. அப்படி விறைத்த காலர் கழுத்தை அறுக்கும், மடிப்பில் நூலும் முறியும்.

இனி இஸ்திரி. வெயிலில் மொடமொடவென்று காய்ந்த சட்டையில் தண்ணீர் தெளித்து, சுருட்டி அரைமணி நேரம் வைக்க வேண்டும். அந்த ஈரம் பெட்டிச் சூட்டில் வற்றும்போதுதான் கஞ்சி இறுகி விறைப்புக் கொடுக்கிறது. தெருமுனைத் தள்ளுவண்டியில் கரிப்பெட்டி வைத்திருப்பவரிடம் கொடுத்துவிட்டு உடனே கிளம்பிவிடாதீர்கள், கொஞ்சம் நின்று பாருங்கள். காலரை விரித்து உள்பக்கம் மேலே தெரிய வைப்பார். முனையில் தொடங்கி நடுமுதுகு நோக்கி ஒரு இழுப்பு. மறுமுனையிலிருந்து அதே நடுவுக்கு இன்னொன்று. மிஞ்சும் துணியெல்லாம் பிடரிப் பக்கம் ஒதுங்கி மறைந்துவிடும். நடுவிலிருந்து முனைக்குத் தேய்த்தால் அந்தச் சுருக்கம் ஊர் பார்க்கும் முனையில் வந்து உட்காரும். கை அழுத்துவதே இல்லை. பித்தளைப் பெட்டியின் கனமே வேலையைப் பார்த்துக்கொள்கிறது. பிறகு புரட்டி மேல்பக்கம் லேசாக ஒரு ஓட்டம். மடிக்கும் இடத்தில் கெட்டிக்காரர் பெட்டியை வைக்கமாட்டார். சூடு ஆறுவதற்குள் விரலால் வளைத்துவிட்டு நகர்வார். மடிப்பைப் பெட்டியால் அழுத்தினால் முதல் நாள் கத்திபோல் நிற்கும், ஆனால் துணி கிழியத் தொடங்குவதும் அந்த வரியில்தான்.

அழுக்கும் முதலில் ஏறுவது காலரில்தான். அமெரிக்காவின் ட்ராய் நகரில் 1827-இல் ஹன்னா மாண்டேக் என்ற பெண்மணி, கணவரின் சட்டையிலிருந்து காலரை மட்டும் வெட்டியெடுத்துத் துவைத்தார் என்பார்கள். கழற்றி மாட்டும் காலர் அப்படிப் பிறந்து, ஊருக்கே காலர் நகரம் என்று பேர் வந்தது. நம்மவர்கள் வெட்டவில்லை, கைக்குட்டையை மடித்துக் கழுத்தில் செருகிக்கொண்டார்கள். வியர்வையையும் தலை எண்ணெயையும் தடுக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. நாகரிகம் இல்லை என்று முகம் சுளிப்பவர்கள், சட்டையைக் கழற்றியதும் காலர் உள்பக்கத்து அழுக்கு வரியைப் பார்க்கட்டும்.

எத்தனை பார்த்துப் பார்த்து வைத்தாலும் மடிப்பு ஒருநாள் நைந்துதான் போகும். அதற்காகச் சட்டையைக் கழித்துவிட வேண்டாம். தையலைப் பிரித்து, காலரைத் திருப்பிவைத்துத் தைத்துத் தரும் டெய்லர்கள் இன்னும் இருக்கிறார்கள். நைந்த பக்கம் அடியில் போய்விடும். அதுவும் தேய்ந்தால் புதுக் காலர்தான் வைக்க வேண்டும். ஆகவே அடுத்த முறை சட்டை தைக்கக் கொடுக்கும்போது மீதித் துணியைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.