பூஜ்ஜியமும் புள்ளியும்

நோட்001. பெரிய கணினித் தொகுதிகளில் முதல் இயந்திரத்துக்குப் பெரும்பாலும் இப்படித்தான் பெயர் வைக்கிறார்கள். முன்னால் நிற்கும் இரண்டு பூஜ்ஜியங்களுக்கும் மதிப்பில்லை என்பது கணக்கு வாத்தியார் கட்சி. தொகுதியை நிர்வகிக்கிறவர் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். நோட்1, நோட்2 என்று வைத்துப் பட்டியலை வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். நோட்1-க்கு அடுத்து நோட்10 வந்து நிற்கும், அதை அடுத்து நோட்100. நோட்2 எங்கோ பின்னால் கிடக்கும். கணினி எழுத்தெழுத்தாக ஒப்பிடுகிறதே தவிர எண்ணாகப் பார்ப்பதில்லை. பூஜ்ஜியம் இரண்டு சேர்ந்ததும் எழுத்து வரிசையும் எண் வரிசையும் ஒன்றாகிவிடுகின்றன. இன்னொரு நயமும் இதில் உண்டு. மூன்று இலக்கம் போட்டவர், தொகுதி 999 இயந்திரத்தைத் தாண்டாது என்று முதல் நாளே கணித்திருக்கிறார். தாண்டினால் நோட்1000 போய் நோட்100-க்கும் நோட்101-க்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும்.

பெயர்கள் ஒழுங்காக அமைந்துவிட்டால் சதுர அடைப்புக்குறி கைகொடுக்கிறது. வேலைகளைப் பங்கிட்டுத் தரும் ஸ்லர்ம் மென்பொருளின் அமைவுக் கோப்பில் நோட்[001-128] என்று எழுதினால் 128 இயந்திரங்களைச் சொல்லியாயிற்று. அதே வரியில் 10.1.0.[1-128] என்று முகவரிகளையும் கொடுத்துவிட்டால், நோட்057 எங்கே இருக்கிறது என்று ஸ்லர்ம் யாரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை. பெயரைக் கேட்டால் முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் சர்வரான பைண்டிலும் ஒரே வரியில் நூறு பெயர்களைப் பிறப்பிக்க ஜெனரேட் என்றொரு கட்டளை உண்டு. மூன்று இலக்கம் வரும்வரை பூஜ்ஜியம் நிரப்பு என்று சொல்வதற்கும் அதில் இடம் விட்டிருக்கிறார்கள். அதை எழுதியவர் பூஜ்ஜியத்தின் அருமை தெரிந்தவர்.

பெயரிலேயே இருப்பிடத்தை வைப்பது இதற்கு ஒரு படி மேல். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் 2024 வரை இயங்கிய சம்மிட் மீக்கணினியில் 256 ரேக்குகள், ரேக்குக்கு 18 என 4,608 கணினிகள் இருந்தன. ஏ13என்17 என்று ஒரு பெயர் பிழைச் செய்தியில் வந்தால், ஏ வரிசையில் 13-ஆம் ரேக்கில் 17-ஆம் பெட்டியை நோக்கி நடக்கத் தொடங்கலாம். வரைபடம் வேண்டாம். கிரே கணினிகள் இதையே இன்னும் நுணுக்கமாகச் செய்கின்றன. எக்ஸ்1000சி0எஸ்0பி0என்0 என்ற பெயரில் கேபினட், சேசிஸ், ஸ்லாட், அதன் கட்டுப்பாட்டுச் சில்லு, கடைசியில் நோட் என்று எல்லாமே அடங்கியிருக்கின்றன. துல்லியம்தான், ஆனால் தொலைபேசியில் சொல்லிப் பாருங்கள்! அதனால்தான் அங்கே தொடர் எண் போட்ட செல்லப்பெயர் ஒன்றும் கூடவே இருக்கிறது.

பெயரை முகவரியாக மாற்ற முதலில் இருந்தது ஒரே ஒரு கோப்பு. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டின் கணினிப் பெயர்கள் அத்தனையும் அதில்தான் இருந்தன. கலிபோர்னியாவின் எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் எலிசபெத் ஃபெய்ன்லரின் குழு அதைப் பராமரித்தது. கோப்பு பெருத்துத் தாங்காமல் போகவே, 1983-இல் பால் மோக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். வேடிக்கை என்னவென்றால், பல தொகுதிகள் இன்றும் அந்தப் பழைய ஹோஸ்ட்ஸ் கோப்பிடமே திரும்பிப் போகின்றன. ஆயிரம் கணினிகளில் ஒரு வேலை தொடங்கி, ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றின் முகவரியையும் கேட்டால் ஏறக்குறைய பத்து லட்சம் கேள்விகள். அவ்வளவும் ஒரே நொடியில் ஒரு டிஎன்எஸ் சர்வர் தலையில் விழுந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு கணினியிலும் கோப்பின் நகல் இருந்தால் கேள்வி பெட்டியை விட்டே வெளியே போவதில்லை. கோப்பில் தேடுவதா, டிஎன்எஸ்ஸைக் கேட்பதா என்பதை லினக்ஸில் தீர்மானிப்பவை ஒரு வரியில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு சொற்கள்: ஃபைல்ஸ், டிஎன்எஸ். எது முதலில் நிற்கிறதோ அதற்கே முதல் கேள்வி. கோப்பின் வரிக்குள்ளும் வரிசைக்கு மரியாதை உண்டு. முகவரியை அடுத்து எழுதும் பெயர்தான் அதிகாரபூர்வமானது. பின்னால் வருபவை மாற்றுப்பெயர்கள்.

முகவரியிலிருந்து பெயருக்குப் போகும் தலைகீழ்த் தேடல் எனக்கு மிகவும் பிடித்தது. கடித உறையில் ஆள், தெரு, ஊர் என்று சிறியதில் தொடங்கிப் பெரியதில் முடிக்கிறோம். டிஎன்எஸ் பெயரும் அப்படித்தான். ஐபி முகவரியோ ஊரில் தொடங்கி ஆளில் முடிகிறது. இரண்டையும் இணைக்க அதிகம் மெனக்கெடவில்லை, முகவரியைத் திருப்பி எழுதிவிட்டார்கள். 10.1.0.57-க்குப் பெயர் கேட்டால் 57.0.1.10.இன்-ஆடர்.ஆர்ப்பா என்றுதான் கேள்வி போகும். ஆர்ப்பாநெட் ஓய்ந்து எவ்வளவோ காலமாகியும் அதன் பெயர் அந்த வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

புள்ளிக்கு வருவோம். மென்பொருள்களைப் பாடு எனும் சிறு கொத்துகளாக இயக்கும் குபர்னெட்டீஸ் தொகுதியில் ஒரு பாடுக்குள் இருக்கும் அமைவுக் கோப்பில் என்டாட்ஸ்:5 என்று ஒரு குறிப்பு இருக்கும். ஐந்து புள்ளிக்குக் குறைவான பெயரானால், முதலில் அது தொகுதிக்குள் இருக்கிறதா என்று தேடு என்று அர்த்தம். ஏபிஐ.எக்ஸாம்பிள்.காம் என்பதில் இரண்டே புள்ளி. ஆகவே, தொகுதியின் மூன்று பின்னொட்டுகளையும் ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்து, மூன்று முறை இல்லை என்ற பதிலை வாங்கிய பிறகே உண்மையான பெயரைக் கேட்கிறது. ஐபிவி4-க்கு ஒன்று, ஐபிவி6-க்கு ஒன்று என்று இரட்டித்தால் எட்டுக் கேள்விகள். ஏன் ஐந்து? போர்ட், நெறிமுறை, சேவை, நேம்ஸ்பேஸ் ஆகியவற்றோடு எஸ்விசி என்ற சொல்லையும் சேர்த்து எழுதும் நீண்ட உள்பெயரில் நான்கு புள்ளிகள் வருகின்றன. அதுவும் உள்ளுக்குள்ளேயே தேடப்பட வேண்டும் என்று ஐந்தில் வைத்தார்கள். காரணம் தெரிந்த பிறகு அந்த ஐந்தின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

தப்பிக்க வழி ஒரு புள்ளிதான். ஏபிஐ.எக்ஸாம்பிள்.காம். என்று கடைசியில் ஒன்று வைத்தால், பெயர் இத்தோடு முடிந்தது, எதையும் ஒட்டாதே என்று பொருள். எட்டு இரண்டாகிவிடும். சில மென்பொருள்கள் மட்டும் அந்தப் புள்ளியைக் கண்டதும், தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழில் இருக்கும் பெயரோடு பொருந்தவில்லை என்று முரண்டு பிடிக்கும். அப்போது அந்தப் பாடுக்கு மட்டும் ஐந்தை இரண்டாக மாற்றிவிடுகிறார்கள்.