சான்று எதற்குச் சான்று?

நம் உயர்தர வகுப்பு மாணாக்கர் எழுதும் இலக்கியக் கட்டுரைகளைத் திருத்த உட்காரும்போதெல்லாம் ஒரே குறை கண்ணிற் படுகின்றது. கூற்று இருக்கின்றது, அதனருகே சான்றும் இருக்கின்றது, இது அதனை எவ்வாறு நிறுவுகின்றது என்று சொல்லும் விளக்கம் மட்டும் இல்லை. மேற்கோளை நட்டுவிட்டால் அது தானே முளைத்துக் காய்க்கும் என்று நம்புகின்றனர். அவர்களை நோவதிற் பயனில்லை. நம் அறிஞர் பலர் வளர்த்துவிட்ட பழக்கம் இது.

சிலப்பதிகாரத்தின் காலத்தை எடுத்துக்கொள்வோம். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயிலெடுத்தபோது கயவாகு என்னும் இலங்கை மன்னனும் அங்கிருந்தான் என்று வரந்தரு காதை சொல்கின்றது. மகாவம்சத்தில் வரும் முதலாம் கஜபாகு கி.பி. 2ஆம் நூற்றாண்டினனாகக் கொள்ளப்படுகின்றான். ஆகவே செங்குட்டுவனும் அக்காலத்தவன், அவன் தம்பி எனப்படும் இளங்கோவும் அக்காலத்தவர், நூலும் அக்காலத்தது. வி. கனகசபைப்பிள்ளை 1904இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் இவ்வொப்புமையைப் பெரிதும் பயன்படுத்தினார். பின்வந்தோர் பலர் அதனை ஐயத்துக்கிடமற்ற உண்மையாகவே எடுத்தாண்டனர்.

கூற்று தெளிவானது. சான்றும் எவரும் இட்டுக்கட்டியதன்று. ஆயினும் அது எதற்குச் சான்று என்று ஒருமுறை கேட்டோமாயின் கட்டடம் ஆட்டங்காண்கின்றது. காப்பியத்தில் ஒரு மன்னன் பெயர் வருவதால், நூல் அவனுக்கு முற்பட்டதன்று என்றே துணியலாம். அவன் காலத்திலேயே எழுந்தது என்பது அதிலிருந்து பெறப்படாது. இராமனைப் பாடினமையாற் கம்பன் இராமன் காலத்தவனாவானா? அன்றியும், கஜபாகு என்னும் பெயருடைய இன்னொருவன் 12ஆம் நூற்றாண்டிலும் இலங்கையை ஆண்டான். காப்பியத்தை அவ்வளவு பிற்காலத்துக்குத் தள்ளுவார் இலர் என்பது உண்மையே. ஆயினும் முதல்வனைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணங் காட்டுதல் வாதிப்பவர் கடன்.

மகாவம்சத்தைப் புரட்டுவோம். முதலாம் கஜபாகு 22 ஆண்டு ஆண்டான் என்று அது கூறுகின்றது. தாயின் பொருட்டு விகாரை கட்டியமை, அபயகிரித் தூபியைப் பெருப்பித்தமை, குளமொன்றை அவ்விகாரைக்கு அளித்தமை ஆகியன சொல்லப்படுகின்றன. சேரநாடு சென்றான் என்றோ பத்தினியை வணங்கினான் என்றோ ஒரு சொல்லும் இல்லை. இம்மௌனம் எதிர்ச்சான்றாகிவிடுமா? ஆகாது. பிக்கு ஒருவர் எழுதிய நூல் பத்தினி வழிபாட்டைப் பொருட்படுத்தாது விட்டிருக்கலாம். இவ்விரண்டையும் எழுதிய பின்னரே வாதம் நேர்மையுடையதாகும்.

எஸ். வையாபுரிப்பிள்ளை காப்பியத்தைப் பல நூற்றாண்டு பின்தள்ளினார். மொழிவழக்கை முதன்மைச் சான்றாகக் கொண்ட அவர் முறைக்கும் கேள்வி உண்டு. ஏடெழுதியோர் கைபட்டு மாறிய சொற்களும் நூலில் இருக்கக்கூடுமன்றோ? ஆனால் அவருக்குக் கிடைத்த மறுமொழிகள் பலவற்றில் இக்கேள்வியைக் காட்டிலும் வசையே மிகுந்திருந்தது.

இது புலவர் சண்டை என்று ஒதுக்கிவிடலாகாது. 17ஆம் நூற்றாண்டளவில் எழுந்த இராஜாவலிய என்னும் சிங்கள நூலிற் கஜபாகு வேறு வேடத்தில் வருகின்றான். சோழநாடு சென்று, சிறைப்பட்ட 12,000 பேரை மீட்டு, மேலும் 12,000 பேரைப் பிடித்துக்கொண்டு பத்தினியின் சிலம்பையும் கொணர்ந்தான் என்பது கதை. ஒரு நூலைப் படித்த பிள்ளைக்கு அவன் கண்ணகி சந்நிதியில் நின்ற அடியான். மற்றதைப் படித்த பிள்ளைக்குச் சோழனை அடக்கிய வீரன். "நூலில் இருக்கின்றது" என்பதே இரு பிள்ளைகளின் வாதமும். இத்தீவில் அத்தகைய வாதங்கள் கட்டுரைத் தாளோடு நின்றுவிடவில்லை என்பதை நாம் அறிவோம். பத்தினி வழிபாடு பற்றி 1984இற் பெருநூல் வெளியிட்ட கணநாத் ஒபேசேகர, இக்கதையைப் படையெடுப்பின் பதிவாகக் கொள்ளாது, தென்னிந்தியாவிலிருந்து வந்து குடியேறிய மக்களின் இருப்புக்குக் காரணங் கூறும் ஐதிகமாக வாசித்தார். அவர் முடிபை மறுக்கலாம். கதை யாருக்கு, எதற்குப் பயன்பட்டது என்று அவர் கேட்டதை மறுப்பதற்கில்லை.

சென்ற தவணை முதல் நம் வகுப்பில் ஒரு வழக்கத்தைத் தொடங்கியுள்ளோம். மேற்கோள் ஒவ்வொன்றின் கீழும் "இதனாற் பெறப்படுவது" என்று ஒரு வாக்கியமும், "இதனாற் பெறப்படாதது" என்று ஒரு வாக்கியமும் எழுதவேண்டும். முதல் வாரங்களில் முணுமுணுப்புக்குக் குறைவில்லை. கயவாகு பற்றிய அடிகளின் கீழ் மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள்: "இதனாற் பெறப்படுவது: நூலாசிரியர் இலங்கை மன்னன் ஒருவன் பெயரை அறிந்திருந்தார். பெறப்படாதது: அவனைக் கண்டார் என்பது." முழுப் புள்ளியும் கொடுத்தோம்.